உயர்விலை வெப்கேமரா: '4கே' முத்திரை மட்டும் போதுமா?

நேரலை, காணொலித் தயாரிப்பு ஆகியவற்றுக்காக உயர்விலை வெப்கேமரா வாங்குவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது '4கே' என்ற முத்திரையைத்தான். ஆனால், வீட்டு அறையின் வெளிச்சத்தில் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் ஒளி உணரியின் அளவுக்கே பெரும்பங்கு உண்டு.

4கே படத்தில் சுமார் 83 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. இது 1080பி படத்தில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு. உணரி சிறிதாக இருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைந்து, மங்கிய அறையில் படம் முழுவதும் மணல் தூவியதுபோல் தெரியும். 'இன்ஸ்டா360 லிங்க்' கேமராவில் 1/2 அங்குல உணரியும், 'ரேசர் கியோ ப்ரோ அல்ட்ரா'வில் அதைவிடப் பெரிய 1/1.2 அங்குல உணரியும் உள்ளன.

நேரலையில் முகம் திரையின் மூலையில் சிறு கட்டமாகத் தோன்றினால் 1080பி போதுமானது. பதிவுசெய்த படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தொகுப்போருக்கே 4கே பெரிதும் பயன்படும்.

இணைப்பும் முக்கியம். சுருக்கப்படாத 1080பி படத்தை வினாடிக்கு 60 சட்டங்கள் வீதம் அனுப்பச் சுமார் 1.5 ஜிகாபிட் வேகம் தேவை. யூஎஸ்பி 2.0 இணைப்பின் உச்சவரம்பு 480 மெகாபிட் மட்டுமே. யூஎஸ்பி 3.0 இணைப்பில் இது 5 ஜிகாபிட்டாகும்.

2021-இல் வெளியான 'எல்காட்டோ ஃபேஸ்கேம்' போன்ற சில கேமராக்களில் ஒலிவாங்கி கிடையாது. அதற்குத் தனியே செலவாகும்.

இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் அமைப்பு 60 ஹெர்ட்ஸ் என இருந்தால், சில விளக்குகளின் ஒளியில் படத்தில் பட்டைகள் ஓடக்கூடும். அமைப்பை மாற்றினாலே பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

எனவே, புதிய கேமராவுக்குப் பணம் செலுத்தும் முன், முகத்துக்கு எதிரே ஒரு விளக்கை வைத்து, கைவசமுள்ள கேமராவை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.