வேலிக்கு அழகு, நிலத்துக்கு உரம்

தை, மாசி மாதங்களில் மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களின் ஓரமாக நடந்து செல்வோர், இலைகளை உதிர்த்துவிட்டுக் கிளையெங்கும் இளஞ்சிவப்புப் பூக்களைச் சுமந்து நிற்கும் மரங்களைக் காண்பர். அவையே கிளிரிசிடியா மரங்கள். சீமைக் கிளுவை என்றும் கூறுவர். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தின் தாவரவியற் பெயரிலுள்ள 'சேப்பியம்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு, வேலிக்குரியது என்பது பொருள்.

வெறும் வேலிதானே என்று நாம் எண்ணும் இம்மரம் ஆற்றும் தொண்டு பெரிது. இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆதலால், இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பற்றி மரத்துக்கு ஊட்டுகின்றன. உலர்ந்த இலையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு நைதரசன் உண்டு. வெட்டிப் பரப்பிய இலை விரைவில் மக்கி மண்ணோடு கலந்துவிடும். மாத்தளையின் மிளகுக் கொடிகள் பற்றிப் படரும் துணைமரமும் இதுவே. சரிவு நிலத்தில் குறுக்கு வரிசைகளாக நெருக்கி நட்டால், மழைநீர் வாரிச் செல்லும் மேல்மண்ணைத் தடுத்து நிறுத்தும்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விவசாயிகள் பட்ட துயரை நாம் மறக்கவில்லை. இலையுரம் ஒன்றே எல்லாப் பயிருக்கும் போதுமென்று நாம் கூறவில்லை. ஆயினும், விலைகொடுத்து வாங்கும் பசளையைக் குறைக்க அது பெரிதும் உதவும். அவ்வாறிருக்க, கதியால்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கொங்கிறீற்றுத் தூண்களை நாட்டுவது, வீட்டிலுள்ள உரக் களஞ்சியத்தை நாமே இடிப்பதற்கு ஒப்பாகும்.

பூ வேண்டுமா, இலை வேண்டுமா என்று சிலர் வினவுவர். முதிர்ந்த கிளையிலேயே பூ அரும்பும். அடிக்கடி வெட்டப்படும் மரம் பூப்பது அரிது. ஆகவே, பாதையோர வரிசையைப் பூவுக்கென விட்டு, உள்வரிசைகளை இலைக்கென வெட்டுவதே தக்கது. நடுவதும் எளிது. முற்றிய கிளையில் ஆறடிக் கதியால் வெட்டி, மழை தொடங்கும் காலத்தில் ஆழ ஊன்றினால் வேர்விட்டுத் தழைக்கும்.

மாணவர்களே, இளங்கன்று ஒன்றின் வேரை மெல்லத் தோண்டிப் பாருங்கள். அங்குள்ள முடிச்சொன்றை நகத்தாற் கீறினால் உள்ளே செந்நிறம் தென்படக்கூடும். தென்பட்டால், காற்றிலிருந்து உரம் சமைக்கும் அடுக்களை அங்கே இயங்குகின்றதென அறிக. வேலியோரத்தில் நாளும் நடக்கும் இவ்வேலைக்கு நாம் கொடுக்கவேண்டிய கூலி, அக்கதியாலை வாழவிடுவது ஒன்றே.