மணி பார்த்துட்டு வா

"தம்பி, மாடி விளக்கை அணைச்சுட்டு வா." "தம்பி, மணி என்னன்னு பாத்துட்டு வா." இரண்டு தடவையும் பையன் போகிறான், வருகிறான். விளக்கை அணைக்கப் போனவன் ஒன்றும் சொல்லாமல் வந்தாலும் குற்றமில்லை. மணி பார்க்கப் போனவன் அப்படி வந்தால், போனதே வீண்.

கணினி நிரலில் முன்னது சப்ரூட்டீன் (துணைநிரல்), பின்னது ஃபங்ஷன். வேலையை முடித்துவிட்டுத் திரும்புவது ஒன்று. விடையோடு திரும்புவது மற்றொன்று.

இந்தத் திரும்பி வருதலே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 1949 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு 'அங்கே போ' என்ற கட்டளை தெரியும். 'வந்த இடத்துக்கே திரும்பு' என்பது தெரியாது. அங்கிருந்த டேவிட் வீலர் ஒரு வழி கண்டார். புறப்படும் இடத்தின் அடையாளத்தைக் கையோடு கொடுத்தனுப்பினால், போய்ச்சேர்ந்த துணைநிரல் அதைக் கொண்டு, திரும்புவதற்கான கட்டளையைத் தன் கடைசி வரியில் தானே எழுதிக்கொள்ளும். 'வீலர் ஜம்ப்' என்று இதற்குப் பெயர். அதன்பின், ஒருமுறை எழுதிய துணைநிரலை எந்த நிரலிலும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. துளையிட்ட காகித நாடாக்களில் அவற்றை நூலகம்போலச் சேர்த்தும் வைத்தார்கள்.

1958இல் வந்த ஃபோர்ட்ரான் 2 மொழி, இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்தது. சப்ரூட்டீனை 'கால்' என்று சொல்லி அழைக்க வேண்டும். அது தனி வரி. ஃபங்ஷனையோ கணக்கின் நடுவிலேயே எழுதலாம். அது கொண்டுவரும் எண் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு வந்த சி மொழி எல்லாவற்றையும் ஃபங்ஷன் என்றே அழைத்தது. ஒன்றும் கொண்டுவராததற்கு 'வாய்ட்' என்று அடையாளமிட்டது. பைத்தான் மொழியில் அந்த அடையாளமும் இல்லை. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பரப்பளவு காணும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுகிறோம். 5, 4 கொடுத்தால் திரையில் 20 தெரிகிறது. சரி, அதை இரண்டால் பெருக்குவோம் என்றால் பிழைச்செய்தி வருகிறது. காரணம், உள்ளே 'ரிட்டர்ன்' எழுத வேண்டிய இடத்தில் 'பிரிண்ட்' எழுதியிருக்கிறோம். பையன் திண்ணையில் இருந்தவர்களிடம் மணியைச் சொல்லிவிட்டு, அனுப்பியவரிடம் வந்து பேசாமல் நிற்கிறான். பைத்தான் அந்த மௌனத்தை 'நன்' என்கிறது. அதை இரண்டால் பெருக்க முடியாது.

திரையைப் பார்ப்பவர்கள் நாம். அழைத்த வரிக்குக் கண் கிடையாது. கையில் கொடுத்தால்தான் உண்டு.