எண்ணும்போதே எடுக்கலாமா?

சென்ற பொங்கல் விழாவுக்கு முன், சந்தா கட்டாதவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பும் பொறுப்பை நம் மன்றத்தார் எனக்கு அளித்தனர். உறுப்பினர் பட்டியலில் பணம் கட்டியவர்களை நீக்கிவிட்டு, எஞ்சியவர்களுக்கு எழுத வேண்டும். கையால் செய்தால் அரைமணி நேர வேலை. கணிப்பொறி பயிலும் செருக்கு யாரை விட்டது? ஜாவாவில் நிரல் எழுதினேன்.

மறுநாள் முதலாண்டு மாணவர் ஒருவர் கடிதமும் பற்றுச்சீட்டுமாக என் அறை வாயிலில் வந்து நின்றார். "அண்ணா, நான் முதல் வாரமே கட்டிவிட்டேனே!" என்றார். அறைத்தோழர்கள் பார்க்க அக்கடிதம் கைக்கு வந்ததாம். முகம் வாடியிருந்தது.

பிழை என்னுடையதே. பெயர்களை அர்ரேலிஸ்ட் என்னும் பட்டியலில் வைத்திருந்தேன். அதில் 0, 1, 2 என இடங்களுக்கு எண் உண்டு. நிரல் ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துச் செல்லும். 4-ஆம் இடத்துப் பெயரை நீக்கினால் அவ்விடம் வெறுமையாக நிற்பதில்லை. விடுதி உணவகத்து வரிசையில் ஒருவர் விலகியதும் பின்னால் நிற்பவர் ஓரடி முன்னே வருவதுபோல், 5-ஆம் இடத்தவர் 4-க்கு வந்துவிடுகிறார். நிரலோ அடுத்து 5-ஐப் பார்க்கிறது. நகர்ந்து வந்தவர் கண்ணில் படுவதே இல்லை. அம்மாணவருக்கு முந்திய பெயரினரும் பணம் கட்டியவர். அவர் நீங்கினார், இவர் மாட்டிக்கொண்டார்.

பின்னர், 2004-இல் ஜாவா 5 தந்த சுருக்கமான ஃபார் சுழலுக்கு மாறினேன். அங்கே நமக்கு இட எண் வேண்டியதில்லை; இட்டரேட்டர் என்னும் ஏவலாள் திரைமறைவில் ஒவ்வொரு பெயராக எடுத்துத் தருகிறான். தனக்குத் தெரியாமல் பட்டியல் மாறினால், அடுத்த பெயரைக் கேட்கும்போது 'கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன்' என்று கூவி வேலையை நிறுத்திவிடுவான். நல்ல காவலன்தான், ஆயினும் அவன் கண்ணயரும் இடம் ஒன்று உண்டு. கடைசிக்கு முந்திய பெயரை நீக்கிப் பாருங்கள், கூச்சலே எழாது! நான்கு பெயர்களில் மூன்றைப் பார்த்தாயிற்று. மூன்றாவதை நீக்கியதும் பட்டியலின் அளவும் மூன்று. கணக்குச் சரியாகிவிட்டது என்று அவன் திரும்பிவிடுகிறான். நான்காவது பெயரை ஒருவரும் பார்க்கவில்லை. அலறும் பிழையைவிட, இப்படி வாய்மூடி இருக்கும் பிழைக்கே நான் அஞ்சுகிறேன்.

இட்டரேட்டரை நாமே கேட்டுப் பெற்று, அதன் ரிமூவ் கட்டளையாலேயே நீக்கினால், அது தன் இடத்தையும் திருத்திக்கொள்ளும். 2014-இல் வந்த ஜாவா 8 முதல் ரிமூவ்இஃப் என்னும் ஒரே கட்டளை போதும். கடைசியிலிருந்து முதலுக்கு எண்ணி வருவதும் பழுதற்ற பழைய வழியே. அப்போது நகர்பவர்கள் முன்பே பார்க்கப்பட்டவர்கள் அல்லரோ?

ஹாஷ்செட், ஹாஷ்மேப் இவற்றில் இட எண் என்பதே கிடையாது. நாம் இட்ட வரிசையில்தான் பெயர்கள் வரும் என்றும் நம்ப முடியாது. அங்கும் ரிமூவ்இஃப் உதவும். ஹாஷ்மேப்பில் பெயர், தொகை இரண்டும் வேண்டுமானால் என்ட்ரிசெட்டைச் சுற்றிவர வேண்டும்.

திருத்திய நிரலை ஓட்டியபோது மேலும் மூன்று பெயர்கள் நீங்கின. அன்று மாலையே மூவர் அறைக்கும் சென்று மன்னிப்புக் கேட்டு வந்தேன்.