டொர்னாடோவும் நீர்நிலைகளும்



சூறாவளி, டொர்னாடோ, நீர்த்தம்பம் ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதி விடையெழுதிப் புள்ளிகளை இழப்போர் பலர். நாரந்தனை போன்ற தீவகக் கிராமங்களில் வாழும் உங்களுக்கு இது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயமன்று. கடற்றொழிலுக்குச் செல்லும் தந்தையர், அண்ணன்மாரின் பாதுகாப்போடும் தொடர்புடையது.

1. சூறாவளியும் டொர்னாடோவும்

சூறாவளி வெப்பமான கடலிற் பிறப்பது. இதற்குக் கடல் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருத்தல் வேண்டும். விட்டம் பல நூறு கிலோமீற்றர். பல நாட்கள் நீடிக்கும். 1964 டிசெம்பர் 22, 23ஆம் திகதிகளில் வட இலங்கையையும் தனுஷ்கோடியையும் தாக்கியது சூறாவளியே.

டொர்னாடோ என்பது இடிமுகிலின் அடியிலிருந்து நிலம் வரை நீளும் ஒடுங்கிய சுழல்காற்று. விட்டம் பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள் அடங்கும். பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கும்.

2. நீர்நிலைகளின் பங்கு

டொர்னாடோ தோன்ற அதன் கீழே நீர் இருக்க வேண்டியதில்லை. ஆனால் இடிமுகில் வளர ஈரப்பதன் வேண்டும். அதனைக் கடல் வழங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் சமவெளிகளுக்கு மெக்சிக்கோ வளைகுடாவும், வங்காளதேசத்துக்கு வங்காள விரிகுடாவும் ஈரப்பதனை அளிக்கின்றன. 1989 ஏப்ரல் 26 இல் வங்காளதேசத்தின் தௌலத்பூர், சட்டூரியா பகுதிகளைத் தாக்கிய டொர்னாடோவில் ஏறத்தாழ 1300 பேர் இறந்தனர்.

ஆறு டொர்னாடோவைத் தடுக்கும் என்பது தவறு. 1840 மே 7 இல் நாச்செஸ் நகரைத் தாக்கிய டொர்னாடோ மிசிசிப்பி ஆற்றின் வழியே சென்றது. இறந்த 317 பேரில் பெரும்பாலானோர் படகுகளில் இருந்தவர்களே.

3. நீர்த்தம்பம்

நீர்ப்பரப்பின் மேல் தூண்போல எழும் சுழல்காற்றே நீர்த்தம்பம். இது இரு வகைப்படும்.

(அ) டொர்னாடோ வகை: இடிமுகிலிலிருந்து கீழிறங்குவது, அல்லது நிலத்திலிருந்து நீருக்கு நகர்வது. மிக ஆபத்தானது.

(ஆ) சாதாரண வகை: காற்றுக் குறைந்த வேளையில், வெப்பமான நீரின் மேல், வளரும் திரள்முகிலின் கீழ் தோன்றுவது. நீர்ப்பரப்பிலிருந்து மேல்நோக்கி வளரும். கரையேறினால் விரைவில் அழியும்.

சாதாரண வகையின் ஐந்து நிலைகள்: நீரில் கரும்பொட்டு, சுருள் கோலம், நீர்த்திவலை வளையம், முழுத்தூண், சிதைவு.

"முகில் கடல்நீரைக் குடிக்கிறது" என்பர். உண்மையில் தூணாகத் தெரிவது காற்றிலுள்ள நீராவி ஒடுங்கி உண்டான நீர்த்துளிகளே. கடல்நீர் அடிப்பகுதியில் திவலையாக மட்டுமே எழும். எனினும் வலிமையான சுழல் சிறு மீன்களைத் தூக்கவல்லது. 2014 மே மாதத்தில் சிலாபம் பகுதியில் மீன்கள் மழையோடு விழுந்தமைக்கு இதுவே காரணமெனக் கருதப்பட்டது.

4. கடலில் கண்டால்

நீர்த்தம்பம் நகரும் திசைக்குச் செங்குத்தாகப் படகைச் செலுத்தி விலக வேண்டும். அதனூடாகச் செல்ல ஒருபோதும் முயலக்கூடாது. இதனை இன்றே வீட்டிற் சொல்லுங்கள்.

நினைவிற் கொள்க: சூறாவளிக்குக் கடல் பிறப்பிடம், டொர்னாடோவுக்கு ஈரப்பதன் தரும் மூலம், நீர்த்தம்பத்துக்கு நிகழ்களம்.

பயிற்சி வினா: சூறாவளி, டொர்னாடோ ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடுகள் மூன்று தருக.
(குறிப்பு: தோன்றும் இடம், விட்டம், நீடிக்கும் காலம்.)