அறியாப் பகை

கணிப்பொறிக்குக் கேடு விளைவிக்கும் நோக்குடன் எழுதப்படும் நிரல்கள் தீம்பொருள்கள் எனப்படும். வைரஸ் என வழங்கும் நச்சுநிரல் அவற்றுள் ஒரு வகை. இவற்றைக் கண்டறிந்து நீக்கும் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள் 1980களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தன. தொடக்கத்தில் பெரும்பயன் நல்கிய அம்மென்பொருள்கள், இன்று புதிய தீம்பொருள்களின் முன் தடுமாறுகின்றன.

இதன் காரணம் அவை செயல்படும் முறையிலேயே அமைந்துள்ளது. ஆய்வாளர்கள் ஒரு தீம்பொருளுக்கே உரிய குறிமுறைத் தொடரைப் பிரித்தெடுத்துப் பட்டியலில் சேர்ப்பர். இத்தொடர் 'கையொப்பம்' எனப்படும். மென்பொருள், கணிப்பொறியிலுள்ள கோப்புகளை அப்பட்டியலுடன் ஒப்பிட்டுப் பகையை இனங்காணும். இது காவல்துறையின் கைரேகைப் பதிவேட்டைப் போன்றது. முதன்முறையாகத் திருட வருபவனின் ரேகை அதில் இராது.

தீம்பொருளை எழுதுவோர் இக்குறையை நன்கு அறிவர். படியெடுக்கும்போதெல்லாம் தன் குறிமுறையை மாற்றிக்கொள்ளும் நச்சுநிரல் 1990ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. இக்காலத்தில் நாள்தோறும் 4,50,000க்கும் மேற்பட்ட புதிய தீய நிரல்களைப் பதிவு செய்வதாக ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் தெரிவிக்கிறது. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள் தாக்குதல்களுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டையே கண்டறிகின்றன என்று, அம்மென்பொருளை அப்போது விற்றுவந்த சைமென்டெக் நிறுவனத்தின் மூத்த துணைத்தலைவர் பிரையன் டை 2014இல் கூறினார்.

இதனால், நிரலின் நடத்தையைக் கண்காணிக்கும் முறையும் சேர்க்கப்பட்டது. ஒரு நிரல் திடீரெனப் பல கோப்புகளை மறைகுறியாக்கத் தொடங்கினால் மென்பொருள் அதனை ஐயுறும். ஆயினும், ஐயம் மிகுந்தால் நல்ல நிரல்களும் தடைபடும்; குறைந்தால் தீயவை நுழைந்துவிடும்.

இக்குறைபாட்டின் விளைவு கணிப்பொறியுடன் முடிவதில்லை. 2017 மே 12 அன்று பரவிய 'வான்னாக்ரை' என்னும் தீம்பொருள், 150 நாடுகளுக்கு மேல் கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டி, அவற்றை விடுவிக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கும் என அந்நாட்டுத் தேசிய நலவாழ்வுச் சேவை மதிப்பிட்டது. விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஒரு குறையின் வழியே அத்தீம்பொருள் நுழைந்தது. அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரு திங்கள் கடந்தும் அத்திருத்தத்தை நிறுவாத கணிப்பொறிகள் இரையாயின.

எனவே, எதிர்ப்பு மென்பொருளைக் கைவிடுதல் தீர்வன்று. பழைய பகைகளை அது இன்றும் தடுக்கிறது. ஆனால், அதனை மட்டுமே நம்பியிருத்தல் தகாது. இயங்குதளத்தை உடனுக்குடன் இற்றைப்படுத்துதல், அறியாதார் அனுப்பும் இணைப்புகளைத் திறவாமை, இன்றியமையாக் கோப்புகளின் படியைக் கணிப்பொறியுடன் இணையாத வேறோர் இடத்தில் வைத்தல் ஆகிய மூன்றும் பயனாளரின் கடமைகள். பட்டியலில் இடம்பெறாத பகை வரும் நாளில் இவையே துணைநிற்கும்.