தோணியில் தேங்கிய நீர்

ஐப்பசி கழிந்து மாரி மழை கொட்டத் தொடங்கியதும், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் சனங்களை வெள்ளத்தைப் பற்றிய கவலையோடு டெங்குக் காய்ச்சலைப் பற்றிய கவலையும் வந்து பற்றிக்கொள்வது வருடாந்த வழக்கமாகிவிட்டது. 2017 ஆம் ஆண்டில் நாடெங்கும் 1,86,000 பேருக்கு மேல் இந்நோயால் பீடிக்கப்பட்டபோது, வைத்தியசாலைக் கட்டில்களைப் பெருக்குவதால் மாத்திரம் ஒரு கொள்ளைநோயைத் தடுத்துவிட இயலாது என்பது நிதர்சனமாயிற்று.

நோயாளி வரட்டுமென்று காத்திராமல் வீட்டு வாசலுக்கே செல்லும் சுகாதார முறையொன்றை, 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமான காலந்தொட்டு, இலங்கை வளர்த்து வந்திருக்கிறது. ஆயினும், முட்டை பொரித்துக் குடம்பியாகி நுளம்பாய்ப் பறக்க எட்டுப் பத்து நாட்களே போதுமாகையால், பல கிராமங்களைத் தம் பொறுப்பிற் கொண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வாரந்தோறும் ஒவ்வொரு வளவையும் பார்த்து முடிப்பது அசாத்தியம்; அவ்வேலை வீட்டாருக்கே உரியது. தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்றிருப்பதும் தவறு. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழையில் உயிர்த்தெழும். தும்பால் அழுத்தி உரஞ்சினாலன்றி அவை போகா.

வாவிக்கரைக்குப் பிரத்தியேகமான சங்கடம் ஒன்றும் உண்டு. டெங்கு நுளம்பு நன்னீரையே நாடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டிருக்க, யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்று, கைவிடப்பட்ட தோணிகளிலும் பாழ்கிணறுகளிலும் எறிந்த போத்தல்களிலும் தேங்கிய உவர்நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதை எடுத்துக்காட்டிற்று. எந்தத் தோணி எத்தனை மாதமாய்க் கரையிற் கிடக்கிறது, அதற்கு உடையவர் யார் என்பதை அறிந்தவர்கள் மீனவர் சங்கத்தாரேயன்றி அலுவலகத்துப் பதிவேடன்று.

ஊரார் கைகொடுத்ததற்கு நம் தேசத்திலேயே திருஷ்டாந்தம் உண்டு. சர்வோதய சிரமதான இயக்கம் போன்றவை கிராமந்தோறும் துணைநின்ற மலேரியா ஒழிப்பு, 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழாய்ப் பூரணமெய்தியது. ஆனால் 1963 இல் பதினேழே நோயாளர் என்ற நிலையை எட்டியபின் அவதானம் தளர்ந்தமையால், 1969 இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்ததையும் மறத்தலாகாது.

ஆகவே நோய் பரவிய பின் ஒரு நாள் ஆரவாரமாய்ச் சிரமதானம் செய்து ஓய்வதிலும், மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் வளவுகளையும் கரையோரத்தையும் தமக்குள் பங்கிட்டு, கோடையிலும் கிழமைக்கொருமுறை பார்த்து, கண்டதைப் பரிசோதகருக்கு அறிவிப்பதே உத்தமம். அவரும் அவ்வறிவிப்பைக் கிரமமாய் ஏற்று நடவடிக்கை எடுத்தால்தான், சங்கத்தாரின் உற்சாகம் இரண்டாம் மாரி வரை நிலைக்கும்.