இந்த 'அவன்' யாருங்க?

லத்தீன் படிக்க ஆரம்பிச்சு, 'இங்கே அவன்னா யாரு?'ன்னு முழிக்கிறீங்களா? கவலையை விடுங்க, தமிழே கை கொடுக்கும்! 1623-ல் சேந்தமங்கலம், சேலம்னு சுற்றி வந்த ராபர்ட் தெ நொபிலிக்கு ரெண்டு மொழியும் அத்துப்படி.

'மார்க்குஸ் லிப்ரும் சூஉம் லெகித்' என்றால், மார்க்குஸ் 'தன்' புத்தகத்தைப் படிக்கிறான். 'சூஉம்' இருந்த இடத்தில் 'எய்யுஸ்' வந்தால், புத்தகம் வேறு யாருடையதோ! அவனுடைய, அவளுடைய, அதனுடைய... மூணுக்கும் 'எய்யுஸ்'தான்.

'எயம்' வந்தா உடனே 'அவளை'ன்னு குதிச்சிடாதீங்க. மேஜையைக் குறிக்கும் 'மேன்ஸா'கூட அங்கே பெண்பால்! முந்தைய வரியில் அதே பால், அதே எண் உள்ள பெயரைத் தேடுங்க. வேற்றுமை மட்டும் மாறியிருக்கலாம்.

இது பிடிபட்டால், வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணத்தையே மூலத்தில் வாசிக்கலாம். ட்ரை பண்ணுங்களேன்!